நாற்பத்திரண்டு தொட்டிகளும் பத்திரம்

எலுமிச்சை மரத்துக்கு வெந்நீர் ஊற்றுகிறவன் என்று என்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய், ஐயா. வெந்நீர் இல்லை. முந்தின நாளே வாளியில் தண்ணீர் பிடித்து மரங்களுக்கு நடுவே வைத்துவிடுவேன். மறுநாள் அறையின் சூடும் தண்ணீரின் சூடும் ஒன்றாகியிருக்கும். அவ்வளவுதான். ஜனவரி மாதத்தில் கிணற்று நீரை அப்படியே உங்கள் காலில் கொட்டினால் உங்களுக்கு எப்படி இருக்கும்? நீங்கள் சிசிலிக்காரர். உங்கள் ஊரில் எலுமிச்சை தெருநாய் மாதிரி தானாக வளர்கிறது, யாரும் கூப்பிட்டுச் சோறு போடுவதில்லை என்று கேள்வி. ஆகவே நான் சொல்லப்போவது உங்களுக்குக் கிறுக்குத்தனமாகத் தோன்றும். தோன்றட்டும். எனக்கே பாதி நாள் அப்படித்தான் தோன்றுகிறது.

இந்த போலீஸ் ஸ்டேஷன் மேசைமேல் நீங்கள் விரித்து வைத்திருக்கும் காகிதத் துண்டு எனக்குத் தெரியும். பாதி நிரப்பிய குறுக்கெழுத்து, பின்னால் காய்ந்த மாவுப் பசை. அதற்கு வருவோம். ஒலிந்தோ எப்படிச் செத்தான் என்பதற்கும் வருவோம். ஆனால் தொட்டிகளிலிருந்து ஆரம்பித்தால்தான் வரிசையாக வரும். நான் எதையும் வரிசையாகச் செய்கிறவன். என் மனைவி லேதா அதைத்தான் முதல் குற்றமாகச் சொல்லுவாள்.

பெயர் லொரியானோ. வயது அறுபத்தொன்று. லூக்கா நகரத்துக்கு மேலே, குன்றிலிருக்கும் சீமாட்டியின் மாளிகைத் தோட்டத்தில் தலைமைத் தோட்டக்காரன். எங்கள் பக்கத்தில் ‘கப்போ’ என்பார்கள். என்னைக் கப்போ என்று கூப்பிட என் கீழே ஒரே ஒரு ஆள்தான் இருந்தான், ஒலிந்தோ. ஒரே ஒரு ஆளுக்குத் தலைவன் என்பது சிரிப்புக்கிடமான பதவி என்று தெரியும். ஆனாலும் அவன் அப்படிக் கூப்பிடும்போது எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்யும்.

எங்களிடம் நாற்பத்திரண்டு தொட்டிகள். எலுமிச்சை, கசப்பு ஆரஞ்சு, சாத்துக்குடி, இவற்றுக்கெல்லாம் தாத்தா மாதிரி ஒரு நாரத்தை. சுட்ட மண்தொட்டிகள், பெரியதில் நீங்கள் உட்கார்ந்து குளிக்கலாம். அக்டோபர் பாதியில் எல்லாவற்றையும் எலுமிச்சை வீட்டுக்குள் ஏற்றுவோம், மே மாதம் வெளியே இறக்குவோம். நீளமான கட்டடம். வடக்கே வெறும் சுவர், தெற்கே ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு கண்ணாடிக் கதவுகள். நடுக்கதவுக்கு மேலே வட்டமாக ஒரு சின்ன ஜன்னல். அதைக் ‘கண்’ என்போம். கீழே தொங்கும் கயிற்றை இழுத்தால் கண் திறக்கும், விட்டால் மூடும்.

ஆறு மாதம் அந்த மரங்கள் உள்ளே இருக்கும்போது செய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை, ஐயா. அதுதான் இந்த வேலையின் கஷ்டம். பாசத்தில் தண்ணீர் ஊற்றிக் கொல்கிறவர்கள்தான் அதிகம். தொட்டியை விரல்முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீர் என்றால் தாகம். தொப்பென்றால் பேசாமல் அடுத்த தொட்டிக்குப் போய்விட வேண்டும். நான் இரவில் படுக்கையில் திரும்பும்போது கட்டில் தலைமாட்டைத் தட்டிக் காதைக் கொடுப்பேனாம். லேதா சொன்னாள். நாலாவது குளிர்காலத்தில் அவள் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

“எனக்கும் இலை பழுத்து உதிர ஆரம்பிச்சா சொல்லியனுப்பு, திரும்பி வரேன்,” என்றாள் வாசலில் நின்று. “அப்பவாவது என்னப் பாப்ப.”

நல்ல நகைச்சுவை உள்ள பெண். அன்று நான் சிரித்தேன். பிறகு உள்ளே போய்த் தொட்டிகளைத் தட்டினேன்.

வடக்குச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் கரித்துண்டால் ஆண்டு எழுதி, அந்தக் குளிர்காலத்தில் செத்த மரங்களின் எண்ணிக்கையையும் எழுதுவது வழக்கம். கடைசித் தொட்டியும் வெளியே போன பிறகு மே மாதத்தில் கப்போதான் எழுத வேண்டும். நூறு ஆண்டுக்கு மேலான எழுத்து அது. ஐம்பத்தாறாம் ஆண்டுக்கு நேராக இருபத்தொன்று என்றிருக்கும். அந்தக் கப்போவை அனுப்பிவிட்டு என்னை வைத்தார்கள். அதற்குப் பிறகு இருபத்தெட்டு வரிகள் என் கையெழுத்து. இருபத்தெட்டும் பூஜ்யம். இப்படி ஒரு சாதனை என்று நான் எவரிடமும் பீற்றிக்கொண்டதில்லை. யாராவது எலுமிச்சை வீட்டைப் பார்க்க வந்தால் அந்தச் சுவர்ப் பக்கமாக நின்றுகொள்வேன், அவ்வளவுதான்.

சீமாட்டிக்கு எலுமிச்சைக்கும் சாத்துக்குடிக்கும் வித்தியாசம் தெரியாது. போன நவம்பரில் என்னைப் பார்த்து, “அந்த மரமெல்லாம் இன்னும் இருக்கா?” என்று கேட்டார். மாளிகைச் சமையல்காரி எலுமிச்சம்பழத்தைக் கடையில் வாங்குகிறாள். உங்கள் சிசிலியிலிருந்து வருகிற பழம். என் மரங்களின் பழம் சின்னது, தோல் தடிமன், சாறு குறைவாம். யாருக்காக இருபத்தொன்பது குளிர்காலம் கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்தேன் என்று கேட்டால், இந்தக் கேள்விக்கு என்னிடம் கௌரவமான பதில் கிடையாது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இனி ஒலிந்தோ. இருபது ஆண்டு என்னோடு வேலை செய்தான். தொட்டி தூக்கும்போது கம்பின் ஒரு முனையில் அவன், மறு முனையில் நான். கீழே மரப்பட்டறைக்குப் பக்கத்து வீட்டில் அவனும் அவன் மனைவி ஆர்ஜியாவும். லேதா இல்லாததால் நான் இரவுச் சாப்பாட்டை அவர்கள் மேசையில்தான் சாப்பிட்டேன். ஒரு நாள்கூட ஆர்ஜியா முகம் சுளித்ததில்லை. ஒலிந்தோவுக்கு விசில் அடிக்காமல் நடக்க வராது. காலையில் வாங்கும் செய்தித்தாளின் குறுக்கெழுத்தை நாள் முழுக்கச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தைக்காக வழியில் போகிறவனையெல்லாம் நிறுத்திக் கேட்பான். நல்ல கை அவனுக்கு. நான் கறாராகப் பார்த்துக்கொண்ட மரங்கள் அவன் விசிலுக்குத்தான் துளிர்விட்டன என்று எனக்குச் சில சமயம் சந்தேகம். இதில் எனக்குப் பொறாமையா என்று கேட்காதீர்கள். இருந்தது. ஆனால் அது இந்த விஷயத்தில் சேராது.

அவனிடம் ஒரே ஒரு குறை. கண்ணைத் திறந்தால் மூட மாட்டான்.

கடுங்குளிர் வந்தால் வாசலருகே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைப்போம். அதில் பாலாடை மாதிரி பனி பிடித்ததும் இரும்பு அடுப்பை மூட்டுவோம். அதுவும் போதாதபோது தொட்டிகளுக்கு நடுவே கரி போட்டுக் கணப்புச் சட்டிகள் வைப்போம். கரிக் கணப்பு வைத்த அறையில் ஆள் இருந்தால் மணிக்கொரு தடவை கண்ணைத் திறக்க வேண்டும். விஷக்காற்று மரத்தை ஒன்றும் செய்யாது, ஆளைத்தான் செய்யும். ஐந்து நிமிஷம் போதும். ஒலிந்தோ கால் மணி நேரம் திறந்து வைப்பான். கண்ணுக்கு நேர் கீழே நாரத்தை.

“அஞ்சு நிமிஷம்னா அஞ்சு நிமிஷம்,” என்பேன்.

“மனுஷனும் மூச்சு விடணும்ல கப்போ,” என்பான். “உங்களுக்கென்ன, நீங்க இலையால மூச்சு விடுறவரு.”

இப்படி என்னைக் கிண்டல் செய்ய அவன் ஒருவனுக்குத்தான் உரிமை இருந்தது. நானும் அனுமதித்திருந்தேன்.

இந்த ஜனவரியில் வந்த குளிரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சரிவுகளில் ஆலிவ் மரங்கள் வெடித்த சத்தம் இந்த ஸ்டேஷனுக்கும் கேட்டிருக்கும். அடுத்தடுத்து மூன்று நாள், பாதரசம் மைனஸ் பதினெட்டு. அடுப்பு போதவில்லை. நாலு கணப்புச் சட்டிகள் வைத்தோம். சாயங்காலத்திலிருந்து விடியும் வரை ஒருவர் உள்ளேயே இருக்க வேண்டியதாயிற்று. முதல் நாள் நான் இருந்தேன். இரண்டாம் நாள் ஒலிந்தோ. மறுநாள் காலையில் நான் போய்ப் பார்த்தபோது நாரத்தையின் கீழே பதினொரு இலைகள் கிடந்தன. எண்ணினேன். எண்ணாமல் எப்படி இருப்பேன்? பச்சை இலைகள், ஐயா. பழுத்து உதிர்ந்தவை இல்லை. குளிர் பட்டு, காம்போடு விழுந்தவை. இன்னும் ஒரு நாள் இப்படிப் போனால் அந்த மரம் மிஞ்சாது.

மூன்றாம் நாளும் அவனே இருப்பதாகச் சொன்னான். எனக்கு முதுகு பிடித்திருந்தது. “நீங்க போய்ப் படுங்க கப்போ, வயசான தொட்டி, விரிசல் விட்டுரும்,” என்றான்.

அன்று வெள்ளிக்கிழமை, பதினோராம் தேதி. மத்தியானம் அவன் விறகு பிளக்கப் போயிருந்தபோது நான் ஏணி வைத்து ஏறினேன். கண்ணின் விளிம்பைச் சுற்றித் துணியைத் திணித்தேன். இரண்டு மர ஆப்புகளை அடித்தேன். அதன் மேல் மாவுப் பசையால் காகிதம் ஒட்டினேன், மூன்று அடுக்கு. ஆப்பே போதும், காகிதம் பார்வைக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்றுதான். எதையும் அரைகுறையாக விட எனக்கு வராது. காகிதத்துக்கு எங்கே போவது? மரப்பட்டறையில் ஆணியில் மாட்டியிருந்த அவன் கோட்டுப் பையில் அன்றைய செய்தித்தாள் இருந்தது. எடுத்துக் கிழித்தேன். குறுக்கெழுத்துப் பக்கம் உட்பக்கமாகப் போய்விட்டதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் வேறு பக்கத்தை வைத்திருப்பேன். பாதியில் நின்ற குறுக்கெழுத்து பாவம்.

கண்ணை அடைத்ததை அவனிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்று, இதை ஆரம்பிக்கும் முன் உங்களை எழுதச் சொன்னேன். தயவுசெய்து அந்த வரியை அடித்துவிடுங்கள். பொய் எழுதிய தாளில் கையெழுத்துப் போட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மறக்கவில்லை. ஆர்ஜியா அன்று பீன்ஸும் கறுப்புக் கீரையும் போட்ட சூப் வைத்திருந்தாள். மூவரும் சாப்பிட்டோம். ஒலிந்தோ பைகளைத் தடவிக்கொண்டே இருந்தான்.

“என் பேப்பரப் பாத்தீங்களா கப்போ? ஏழு நெடுக்கு பாதியில நிக்குது.”

“பாக்கலையே.”

“ஒன்னோட பேப்பர எலி கூடத் தொடாது,” என்றாள் ஆர்ஜியா. “சூப்பக் குடி, ஆறுது.”

பிறகு அவன் ரொட்டியால் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டான். “கண்ணு சரியாத்தான இருக்கு? நேத்துக் கயிறு கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு.”

“சரியா இருக்கு,” என்றேன். “இன்னிக்கு ஏறிப் பாத்துட்டேன்.”

சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை பாருங்கள். ஏறினேன், பார்த்தேன். என் கணக்கில் அது சரியாகவும் இருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் ஏணி வைத்து ஏறிப் பிய்த்துப் போட்டிருப்பான். அவனுக்கு அந்த மாதிரி விஷயத்தில் பொறுமை கிடையாது. ஒருவேளை கணப்பை இரண்டாகக் குறைப்பான், ஒருவேளை வெளியே வந்து வந்து போவான் என்றெல்லாம் அப்போது யோசித்தேன். என்ன யோசித்தேன் என்று துல்லியமாகச் சொல்ல வேண்டுமானால், நாரத்தையைத்தான் யோசித்தேன்.

புறப்படும்போது ஆர்ஜியா ஒரு குடுவையில் ஒயின் ஊற்றிக் கொடுத்தாள். “குளுருக்கு ஒரு வாய்,” என்றாள். அவன் அவள் தலையில் தட்டி, கணீர் என்று வாயால் சத்தம் கொடுத்து, “இதுக்குத் தண்ணி ஊத்தணும் கப்போ,” என்றான். என்னைப் பார்த்துச் செய்கிற கேலிதான். மூவரும் சிரித்தோம். விசிலடித்துக்கொண்டே பனியில் போனான்.

மாளிகைச் சமையல்காரி காலை ஏழு மணியிலிருந்து என்னை எலுமிச்சை வீட்டு வாசலில் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறாள் என்கிறீர்கள். சரிதான். ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும். வெளிச்சம் வந்துவிட்டது, வெயில் வரவில்லை. கிழக்கே குன்று மறைப்பதால் ஜனவரியில் எங்கள் கண்ணாடியில் வெயில் விழ ஒன்பது மணியாகும். விடிந்த பின் வரும் அந்த இரண்டு மணி நேரம்தான் நாளிலேயே கொடிய குளிர். அப்போது கதவைத் திறந்தால், நடுக்கதவுக்குப் பக்கத்திலிருக்கும் ஆறு மரங்கள் நிச்சயம் போகும். எட்டுகூடப் போகலாம். கடுங்குளிரில் கதவைத் திறக்கிறவன் கொலைகாரன் என்று ஒலிந்தோவிடம் இருபது ஆண்டாகச் சொல்லி வந்திருக்கிறேன். முதல் தடவை சொன்னபோது தொப்பியைக் கழற்றி வணங்கி, “உத்தரவு கப்போ” என்றான். ஆனால் கடைப்பிடித்தான். எத்தனை கேலி செய்தாலும் கடைப்பிடிப்பான். ஏன் கதவைத் திறந்து வெளியே ஓடி வரவில்லை, ஏன் ஒரு கண்ணாடியை உடைக்கவில்லை என்று கேட்டீர்களே, அதற்கு இதுதான் பதில். ஒலிந்தோ என் கண்ணாடியை உடைக்க மாட்டான்.

கண்ணாடியில் உறைந்திருந்த பனியை நகத்தால் சுரண்டி உள்ளே பார்த்தேன். நாரத்தைத் தொட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். கண்ணின் கயிறு அவன் வலது கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. முகம் சிவந்து, பார்க்க ஆரோக்கியமாகத்தான் இருந்தது. விரல்முட்டியால் கண்ணாடியைத் தட்டினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். இடது கையைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கினான். அது திரும்பவும் விழுந்துவிட்டது.

ஆமாம், ஐயா. உயிரோடு இருந்தான்.

நான் கையை ஆட்டிக்கொண்டிருந்ததாகச் சமையல்காரி சொன்னது மட்டும் தப்பு. ஆட்டவில்லை. விரல்களைக் காட்டினேன். இந்தக் கையில் ஐந்து, இந்தக் கையில் நாலு. ஒன்பது மணி வரை பொறு, வெயில் வந்ததும் திறக்கிறேன் என்று. அவன் பார்த்துக்கொண்டேயிருந்தான். புரிந்துகொண்டான் என்று நினைக்கிறேன். இருபது ஆண்டு கம்பின் மறுமுனையில் நடந்தவனுக்கு நான் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. நடுவில் ஒரு தடவை மறந்துவிட்டானோ என்று மறுபடியும் காட்டினேன். அப்போது அவன் பார்வை என்மேல் இல்லை.

இரண்டு மணி நேரம் நானும் வெளியே அந்தக் குளிரில்தான் நின்றேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. என் இடது பாதத்தில் இரண்டு விரல்களுக்கு இன்னும் உணர்ச்சி வரவில்லை, டாக்டரிடம் காட்டியிருக்கிறேன். என் நிலைமையை யாரும் கேட்கவில்லை என்பதற்காகச் சொன்னேன்.

ஒன்பதுக்குக் கண்ணாடியில் வெயில் விழுந்தது. சொன்ன சொல் தவறாமல் திறந்தேன். உடம்பு நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து உடனே சாத்திக்கொண்டேன். முதலில் நாரத்தைத் தொட்டியைத் தட்டிப் பார்த்தேன். நல்ல சத்தம். கீழே ஓர் இலைகூட உதிர்ந்திருக்கவில்லை. பிறகு ஒலிந்தோவின் கன்னத்தைத் தொட்டேன். கன்னம் இன்னும் சூடாக இருந்தது. ஆனால் கணப்புக்குப் பக்கத்தில் இருந்த எதுவும் சூடாகத்தான் இருக்கும்.

எனக்கும் தலை சுற்ற ஆரம்பித்ததால் கணப்பை அணைக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் வாளியில் தண்ணீர் இருந்தது. ஆனால் அது மரங்களுக்காகச் சூடு சமமாக்கி வைத்த தண்ணீர். அவன் குடுவையில் ஒயின் அப்படியே இருந்தது. ஒரு வாய் குறைந்திருந்தால் அதிகம். அதை எடுத்து நாலு சட்டியிலும் ஊற்றினேன். பிறகு அவனைத் தோளில் தூக்கி வெளியே கொண்டுவந்தேன். டாக்டர் வந்து காலிக் குடுவையைப் பார்த்தார், ஒயின் வாடையை முகர்ந்தார். குடித்துத் தூங்கி, ஜன்னலைத் திறக்க மறந்துவிட்டான் என்று எழுதினார். நான் எழுதச் சொல்லவில்லை. அவர் படித்தவர், அவர் முடிவில் மூக்கை நுழைக்க நான் யார் என்று இருந்துவிட்டேன்.

இப்போது அதைத் திருத்த வேண்டும் என்று தோன்றுகிறது. ஒலிந்தோ குடிக்கவில்லை. பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். செத்தவன் பெயரில் இல்லாத பழி எதற்கு? எனக்கு நியாயம் முக்கியம். நாலு மாதமாக ஆர்ஜியா அந்தக் குடுவையை நினைத்துத் தன்னையே தின்றுகொண்டிருக்கிறாள். அடக்கத்துக்கு மறுநாள் பீப்பாயைத் திறந்துவிட்டு ஒயின் முழுவதையும் முற்றத்தில் ஓடவிட்டாள். எனக்குச் சூப் ஊற்றும்போதெல்லாம் ஒரே பேச்சுத்தான்.

“நாந்தான குடுத்து அனுப்புனேன் கப்போ. குடிக்கிறவனா அவன்? நான் குடுக்காம இருந்திருந்தா முழிச்சுட்டு இருந்திருப்பான்ல?”

“அப்படி நெனைக்காத ஆர்ஜியா,” என்பேன். எத்தனை தடவை சொல்லியிருப்பேன். எனக்கே பேச்சு அலுத்துவிட்டது. ஆறுதல் சொல்வதில் நான் கெட்டிக்காரன் இல்லை. சூப் மட்டும் முன்னைப் போலவே நன்றாக இருக்கும்.

மிச்சம் போன வாரத்துக் கதை. மே வந்தது. பக்கத்துப் பண்ணையிலிருந்து ஓர் ஆளைக் கம்பின் மறுமுனைக்குப் பிடித்தேன். அவனுக்கு அடி வைக்கத் தெரியவில்லை. இரண்டு நாளில் முடிகிற வேலை நாலு நாள் ஆயிற்று. ஆனால் நாற்பத்திரண்டும் வெளியே வந்தன. நாரத்தை மொட்டு விட்டிருந்தது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்த ஜனவரிக்குப் பிறகு உயிரோடு இருக்கும் நாரத்தை அது ஒன்றுதான் என்கிறார்கள். அதன் முன் நின்று, ‘லொரியானோ, கிழட்டு முட்டாளே, சாதித்துவிட்டாய்’ என்று வாய்விட்டே சொன்னேன். யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். ஒலிந்தோ இருந்திருந்தால் ஒரு மாதத்துக்கு அதையே சொல்லிக் காட்டியிருப்பான். உண்மையில் அவன் இல்லாதது எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஐயா. இதை நம்புங்கள்.

தொட்டிகள் போன பிறகு கண்ணாடிகளைக் கழுவுவது ஒவ்வோர் ஆண்டும் ஆர்ஜியாவின் வேலை. இந்த ஆண்டு வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. நான் கரித்துண்டைத் தேடி எடுத்துக்கொண்டு வடக்குச் சுவர்ப் பக்கம் போனேன். அவள் ஏணிமேல், கண்ணுக்கு நேராக, ஈரத் துணியோடு நின்றாள். காகிதம் உரிகிற சத்தம் கேட்டது. நான் எண்பத்தைந்து என்று எழுதி, அதற்கு நேராக ஒரு பூஜ்யம் போட்டேன். கரித்துண்டு வழுக்கிக் கோணலாகிவிட்டது. அழித்துவிட்டு, வட்டம் ஒழுங்காக வரும்படி திரும்பப் போட்டேன். இருபத்தொன்பதாவது. அப்போதுதான் மேலேயிருந்து அவள் குரல் வந்தது.

“ஒண்ணும் சாகலயா கப்போ?”

“ஒண்ணும் சாகல, ஆர்ஜியா.”

அவள் மெல்ல இறங்கி வந்தாள். கையில் ஏதோ ஈரக் காகிதத்தை மார்போடு அணைத்திருந்தாள், நான் சரியாகப் பார்க்கவில்லை. சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, அடக்க நாளில்கூட அழாத அழுகையாக அழுதாள். இருபது ஆண்டு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறேன். அந்த மரங்கள் மேல் அவளுக்கும் இவ்வளவு பாசம் இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது, ஐயா.